நானி என்றால் என்ன

ராஜபாளையத்தில் அந்த மில்லின் பெண் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் நானியைத் தெரியும். ஆனால் அவனை யாரும் பார்த்ததில்லை. அவர்கள் திரும்பத் திரும்பப் பார்த்த அந்தப் படத்தில் ஓரிடத்தில்கூட அவன் வரவே மாட்டான். இருந்தாலும் அவனுக்கு ஐந்து வயது, முன்பல் இரண்டு விழுந்தவன், அக்கா அடித்தாள் என்று கோபித்துக்கொண்டு மலையேறிப் போனவன் என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். சொன்னவள் பரிபூரணம்.

அவள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. மில்லுக்குப் புது மிஷின் பூட்ட ஜப்பானிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து, வேலை முடிந்து ஊர் திரும்பும்போது மூன்று வீடியோ கேசட்டுகளை கெஸ்ட் ஹவுஸில் விட்டுவிட்டுப் போனார். அவை தொழிலாளர் மனமகிழ் மன்றத்துக்கு வந்து சேர்ந்தன. மன்றச் செயலாளர் தனுஷ்கோடி ஒன்றை டெக்கில் போட்டுப் பார்த்தார். "வரைஞ்ச பொம்மைப் படம்லா இது? அதுலயும் கறுப்பு வெள்ளை" என்று தூக்கி ஓரமாக வைத்துவிட்டார். அந்த ஊர் கேசட்டை நம் ஊர் டிவியில் போட்டால் நிறம் வராது என்று எலக்ட்ரீசியன் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

பெண்களும் சந்தா கட்டுகிறோமே, எங்களுக்கு மன்றத்தில் ஒரு பொழுது வேண்டாமா என்று நூல் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவிலிருந்து சண்டை போட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணியை வாங்கினார்கள். ஆண்கள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம் என்பதால் அது கிடைத்தது. யாருக்கும் வேண்டாத அந்தக் கேசட்டுகளும் அதோடு கிடைத்தன.

முதல் நாள் படத்தில் ஒரு பெண்பிள்ளை விடியற்காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். தண்ணீர் நிறைந்த ஒரு காட்டைப் படகில் கடந்தாள். தவளை முகத்துப் படகோட்டியைப் பார்த்து, "நானி?" என்றாள். கொஞ்ச தூரம் போய், குடை பிடித்து நின்ற ஒரு பொம்பளையிடம், "நானி?" அப்புறம் யானை உயரமுள்ள ஒரு கொக்கிடமும் அதே கேள்வி.

கூட்டத்திலிருந்து வெங்கடம்மா எழுந்துவிட்டாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். பிரிவில் எல்லோருக்கும் அக்கா.

"ஏட்டி, நானிங்கா! எங்க அக்கா மவன் பேரும் நானிதான். சின்னப் பயலுகள அப்பிடித்தான் கூப்புடுவோம். அவ தம்பியத் தேடுதாட்டி!"

அதற்குப் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. தம்பி காணாமல் போயிருந்தால்தானே இப்படிக் காடும் மேடும் அலைவாள்? படம் முடிகிறபோது அந்தப் பெண் மலையுச்சியில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். கூடத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைக்க முந்தானையை எடுத்துவிட்டார்கள்.

கதை சொல்லும் வேலை பரிபூரணத்திடம் வந்ததற்குக் காரணம் உண்டு. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வேலைக்கு வருகிறவள். அங்கே சபையில் காலையில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் காட்டிக் கதை சொல்வாள். வேதக் கதையில் ஒரு ஆட்டைக்கூடக் கூடுதலாகச் சேர்க்கமாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு மதியம் வேறு வேலை. டிவி பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஜப்பான் பேச்சுக்குத் தமிழில் வசனம் சொல்ல வேண்டும்.

அதையும் அவள் ஒழுங்காகத்தான் செய்தாள். ஒரு படத்தை முதலில் வாய் திறக்காமல் பார்ப்பாள். இரண்டாம் முறை முகங்களை மட்டும் பார்ப்பாள். மூன்றாம் முறைதான் பேசுவாள். பேசி முடித்ததும் வெங்கடம்மாவிடம் போய் நிற்பாள்.

"சரியாத்தான் சொன்னேனாக்கா?"

"எனக்கென்ன தெரியும்? அழுக வந்துச்சு. அப்ப சரிதான்."

மூன்று கேசட்டுகளும் ஒரே ஆள் எடுத்தவை என்று கண்டுபிடித்ததும் பரிபூரணம்தான். ஒவ்வொரு படம் முடியும்போதும் எழுத்துகள் ஓடி, கடைசியில் நான்கு எழுத்துகள் தனியாக வந்து நிற்கும். முதல் எழுத்து ஜன்னல் மாதிரி, கடைசி எழுத்து ஆள் காலை அகட்டி நிற்கிற மாதிரி. மூன்றிலும் அதே நான்கு. அன்றிலிருந்து அவர் பெயர் நாலெழுத்துக்காரர் என்றாகிவிட்டது.

நாலெழுத்துக்காரரிடம் அவர்களுக்குப் பிடித்தது எது என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மழையில் ஒதுங்கிய அந்தப் பெண் ஈரச்சுள்ளியை ஊதி ஊதி அடுப்புப் பற்றவைப்பாள். கதை அப்படியே நின்றுவிடும். புகை எழும், கண்ணைக் கசக்குவாள், மறுபடி ஊதுவாள். "அடுப்பு பத்த வைக்கிறத இம்புட்டு நேரம் ஒரு ஆம்பள காட்டிருக்காரே, அவரு வீட்டுல நல்லா வேலை செய்வாரு போல" என்பாள் வெங்கடம்மா. இன்னொரு படத்தில் காற்று புல்லின் மேல் நடந்து போவது தெரியும். அதைப் பார்த்த நாளிலிருந்து பரிபூரணத்தால் பஸ்ஸில் தூங்க முடியவில்லை. வன்னியம்பட்டி தாண்டும்போது வயலைப் பார்த்துக்கொண்டே வருவாள்.

மிஷின் ஓடும் இரைச்சலில் பேச முடியாது. சனிக்கிழமை ஷிப்டில் ஒருத்தி நான்கு விரலைத் தூக்கிக் காட்டுவாள். மறுநாள் படம் என்று அர்த்தம். வரிசை முழுக்க நான்கு நான்கு விரலாக எழும்பும். சூப்பர்வைசர் ஏதோ வேலைநிறுத்தத்துக்கு அடையாளம் என்று ஒருமுறை பயந்துபோனார்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. தொண்ணூற்று நான்கில் வில்சன் வந்தார்.

வில்சன் மில்லின் புது அதிகாரி. மிஷின் கம்பெனிக்காரர்கள் அழைத்து, ஒசாக்காவில் ஆறு மாதம் பயிற்சி எடுத்துத் திரும்பியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மன்றத்தைத் தாண்டிப் போகையில் உள்ளிருந்து ஜப்பான் பேச்சு கேட்க, ஆச்சரியப்பட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பரிபூரணம் உருகி உருகிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஏ கொக்கே, என் தம்பி நானியப் பார்த்தியா? முன்பல் இல்லாதவன். நான் அடிச்ச அடியில கோவிச்சுக்கிட்டுப் போயிட்டான்."

வில்சன் சிரித்துவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார். ஆனாலும் கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

படம் முடிந்ததும் அவரே எழுந்து வந்தார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. நானிங்கிறது பேர் இல்ல. ஜப்பான்காரங்க 'என்ன'ன்னு கேக்குறது அது."

"என்னன்னா?"

"ஆமா, அதான். என்னன்னு."

"இல்ல சார், எதை என்னன்னு கேக்கா?"

"மலையிலேர்ந்து ஒரு சத்தம் வருதுல்ல, படத்துல ஆரம்பத்துலயே? அது என்ன சத்தம்னு பாக்குறவங்ககிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டே போறா. அவ்வளவுதான் கதை."

"அப்ப தம்பி?"

"தம்பியே கிடையாது. ஒத்தப் பிள்ளை." வில்சன் கொஞ்சம் தயங்கினார். "அந்தக் கொக்கும் வெள்ளை இல்ல. செவப்பு. நான் அங்க தியேட்டர்ல கலர்ல பாத்தேன். ஆனா நீ சொன்னது நல்லாத்தான் இருந்துச்சு."

கடைசியாகச் சொன்னதுதான் பரிபூரணத்துக்குச் சுருக்கென்றது. பிள்ளை கிறுக்கிய படத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது.

பூட்டுச் சாவியோடு வந்த தனுஷ்கோடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த மூன்று மணி நீண்ட நாளாகவே உறுத்தல். மதியத் தூக்கம் கலைந்த ஆண்கள் சண்டைப் படம் போடச் சொல்லி அவரை நச்சரிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ஏம்மா பரிபூரணம், ரெண்டு வருசமா இம்புட்டுச் சனத்தையும் ஏமாத்திக்கிட்டா இருந்த? வேதக்காரப் பிள்ள நீ!"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"தெரியாம எதுக்கு ஸ்டூலப் போட்டு ஒக்காந்த?"

மன்றத்தில் முடிவாகிவிட்டது. அடுத்த ஞாயிறு வில்சன் சார் சரியான கதையைச் சொல்வார். வந்த கொஞ்ச நாளிலேயே அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல், அந்த ஒரு வாரம்தான் வர முடியும். அதற்குப் பிறகு சொல்ல ஆளில்லை. ஆளில்லாத காட்சி எதற்கு? மூன்று மணி ஆண்களுக்கு.

அந்த வாரம் பரிபூரணம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேன்டீனில் வெங்கடம்மாதான் தேடி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க பாசையில 'ஏமி'ம்போம். அவுகளுக்கு நானியா? அப்ப எங்க அக்கா மவன் ஜப்பானுக்குப் போனா, ஒன் பேரு என்னன்னு கேட்டா, 'என்ன'ம்பானா?"

பரிபூரணம் சிரிக்கவில்லை.

"ஏட்டி, நான்தான மொதல்ல சொன்னேன். தப்பு எம்மேல. நீ எதுக்கு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு அலையுத?"

"பல்லு விழுந்தவன்னு நீங்களாக்கா சொன்னீக? அக்கா அடிச்சான்னு நீங்களா சொன்னீக? அம்புட்டும் நானாச் சேத்தது."

"சேத்தா என்ன? எனக்கு அந்தப் பய வேணும். ரெண்டு வருசம் அவனுக்காக அழுதுருக்கேன். இப்ப வந்து ஒருத்தரு பொறக்கவே இல்லம்பாரு, நான் சரின்னு போவணுமா? நீ பழைய கதையவே சொல்லு. அந்த ஆபீசரு ஊருக்குப் போனப்புறம் யாரு வந்து கேக்கப்போறா?"

அது ஒரு வழிதான். பரிபூரணத்துக்கு மனம் கொஞ்ச நேரம் அதிலேயே போய் நின்றது. ஆனால் தெரிந்த பிறகு எப்படிச் சொல்வது? தெரியாமல் சொன்னது வேறு.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் டைப்ரைட்டிங் வகுப்பு. மற்றவர்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்க, அவள் தாளைச் சொருகிவிட்டு விரலை எழுத்துகளின் மேல் வைத்தபடி இருந்தாள். படத்தை ஆரம்பத்திலிருந்து மனசுக்குள் ஓட்டினாள். இந்த முறை நானி வருகிற இடத்திலெல்லாம் 'என்ன' என்று போட்டுப் பார்த்தாள்.

விடியற்காலை. சத்தம் கேட்கிறது. பெண் எழுந்து உட்கார்கிறாள். என்ன? வீட்டில் மற்றவர்கள் தூங்குகிறார்கள். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறாள். படகோட்டியிடம், என்ன? குடைக்காரியிடம், என்ன? யாருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் திரும்ப வேண்டியதுதானே? அவள் திரும்பவில்லை.

பரிபூரணம் எழுத்துகளிலிருந்து விரலை எடுத்தாள். தம்பி தொலைந்தால் யாரும் தேடத்தான் செய்வார்கள். அதில் என்ன அதிசயம்? இவள் எதையும் தொலைக்கவில்லை. யாரும் அனுப்பவில்லை. ஒரு சத்தம் கேட்டது, என்னவென்று தெரிய வேண்டும், அதற்காக ஒரு மலை. அதற்காக மட்டும். தன் ஊர்ச் செண்பகத்தோப்புக்கு மேலே மலையைப் பரிபூரணம் தினம் பார்க்கிறாள், அதன் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று இருபத்துநான்கு வயதுவரை தான் யாரிடமும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கேட்டிருந்தால், "அங்க என்ன சோலி ஒனக்கு?" என்றுதான் பதில் வந்திருக்கும். நாலெழுத்துக்காரர் ஒரு பெண்ணை அப்படிப் போகவிட்டிருக்கிறார். வழியில் நின்று அடுப்புக்கூடப் பற்றவைக்கவிட்டிருக்கிறார்.

தான் சொன்ன கதையைவிட இது எவ்வளவோ பெரிய கதை என்று நினைத்ததும் வெட்கம் வந்தது. வெட்கத்தின் பின்னாலேயே கோபமும் வந்தது. இதை ஏன் வேறு ஒருவர் சொல்ல வேண்டும்? தப்பாகச் சொன்னவள் சரியாகச் சொல்லக் கூடாதா?

வகுப்பு ஆசிரியர் பக்கத்தில் வந்து வெறும் தாளைப் பார்த்தார். "என்னம்மா?" என்றார்.

"ஆமா சார்" என்றாள் பரிபூரணம். அவருக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிரம்பிவிட்டது. எப்போதும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். டிவிக்குப் பக்கத்தில் ஸ்டூலை எடுத்துவிட்டு, கை வைத்த நாற்காலி போட்டு, முன்னால் மைக் வைத்திருந்தார் தனுஷ்கோடி. வில்சன் சங்கடமாக நெளிந்துகொண்டு அதில் உட்கார்ந்திருந்தார்.

பரிபூரணம் நேராக முன்னால் போனாள். 

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். நான் சொன்ன கதை தப்பு. நானின்னு தம்பி யாரும் கெடையாது. நானின்னா 'என்ன'ன்னு அர்த்தம். சார் சொன்னது சரி. தெரியாமச் சொன்னேன், ஆனா தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அது என் தப்புதான்."

"நல்லாச் சொன்ன. போய் ஒக்காரு" என்றார் தனுஷ்கோடி.

"இன்னும் முடியல அண்ணாச்சி. இன்னைக்கு நானே சொல்லுதேன். சரியாச் சொல்லுதேன். சார் பக்கத்துல இருக்கட்டும், தப்பு வந்தா நிறுத்தட்டும். அடுத்த வாரமும் நான்தான் சொல்லுவேன். அதுக்கடுத்த வாரமும்."

"யாரு முடிவு பண்ணுனா?"

"நான்தான்."

பின் வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். வில்சன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சொல்லட்டுமே தனுஷ்கோடி. எனக்கு ஒண்ணும் இல்ல."

"ஒங்களுக்கு ஒண்ணும் இல்ல சார், மன்றத்துக்கு இருக்கு. ஒரு முடிவு எடுத்தா எடுத்ததுதான். இன்னைக்கு இவ சொல்லுவா, நாளைக்கு செயலாளர் நாற்காலியும் எனக்குத்தாம்பா."

"நல்ல யோசனதான்" என்றாள் வெங்கடம்மா.

கூடம் கொல்லென்று சிரித்தது. தனுஷ்கோடிக்கு முகம் சிவந்துவிட்டது. டெக்கிலிருந்து கேசட்டை வெளியே எடுத்தார். மற்ற இரண்டையும் சேர்த்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். டிவி ஒயரைப் பிடுங்கினார்.

"படமே கெடையாது. அம்புட்டுப் பேரும் வீட்டுக்குப் போங்க. செத்த நேரத்துல ஆம்பளையாளுகளக் கூட்டிட்டு வாரேன், அவுக பாக்கட்டும்" என்று வெளியே போய்விட்டார்.

பெண்கள் எழுந்தார்கள். பாதிப் பேர் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். பரிபூரணம் இருண்டு கிடந்த டிவியைப் பார்த்தாள். அதில் அவள் முகமும், பின்னால் ஜன்னலும் மங்கலாகத் தெரிந்தன. மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விடியக்காலம்" என்றாள்.

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "விடியக்காலம். இன்னும் வெளிச்சம் வரல. ஓலப்பாயில ஒரு பிள்ள படுத்திருக்கா. மலையிலருந்து ஒரு சத்தம். அவ மட்டும் கண்ணத் தொறக்கா."

செருப்பு தேடியவர்கள் நின்றார்கள். ஒருத்தி உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

பரிபூரணம் சொல்லிக்கொண்டே போனாள். படகு வந்தது. படகின் கீழே தண்ணீருக்குள் நிற்கிற மரங்கள், கிளைகளுக்கு நடுவே மீன்கள். தவளை மூஞ்சிக்காரன் துடுப்பை நிறுத்தினான். "என்ன சத்தம் அது?" என்று கேட்டாள் பெண். "நான் தொழிலுக்கு வந்தவன், எனக்கெதுக்கு?" என்றான் அவன். சில இடத்தில் தடுமாறினாள். தடுமாறின இடத்தில் கூட்டம் எடுத்துக் கொடுத்தது.

"ஏட்டி, மழையில அடுப்பு பத்த வைப்பாள்ள, அத விட்டுட்ட!"

"அது படகுக்குப் பொறவுக்கா."

"இல்ல, முன்னாடி. படகுலதான அவ பாவாட நனையும், அடுப்புக்கிட்ட நனஞ்சே இருக்காது பாரு."

அது சரிதான். பரிபூரணம் திரும்பிப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வந்தாள். கூடத்தில் யாரோ ஊதுகிற மாதிரி 'பூ' என்றார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாகச் சொல்லிவந்த கதையில் இப்படி ஒரு சுகம் அவளுக்குக் கிடைத்ததில்லை. சரிதானா, சரிதானா என்று ஒரு பயம் கூடவே வந்துகொண்டிருந்தது அப்போதெல்லாம். இன்றைக்கும் தப்பு வரத்தான் செய்யும். வந்தால் திருத்துவதற்கு ஒரு கூடமே இருக்கிறது.

குடைக்காரியிடம் வந்ததும் நின்றாள். முன்பு அந்த இடத்தில், "ஒன் தம்பி இப்பிடித்தான் போனான்" என்று சொல்லிவந்தாள். இப்போது சொல்ல ஒன்றுமில்லை. சுவரோரம் நின்ற வில்சனைப் பார்த்தாள்.

"சார், இந்த எடத்துல அந்தம்மா என்ன சொல்லுதா?"

வில்சன் நினைவுபடுத்திக்கொண்டார். "'எனக்கும்தான் சின்ன வயசுலேர்ந்து கேக்குது. நான் போகல'ன்னு சொல்றா."

 வெங்கடம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"அந்தப் பயலுக்காகவா அழுதேன் இம்புட்டு நாளா" என்றாள், யாரிடமும் இல்லாமல். "சொல்லுட்டி. மேல சொல்லு."

பெண் குடைக்காரியைக் கும்பிட்டுவிட்டு நடந்தாள். சிவப்புக் கொக்கு சிறகை விரித்தது. பரிபூரணம் இரண்டு கைகளையும் தூக்கி எவ்வளவு பெரியது என்று காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தனுஷ்கோடி வந்துவிட்டார். பின்னால் லுங்கியும் தூக்கக் கண்ணுமாக நாலைந்து ஆண்கள். அவர் கையில் ஒரு சண்டைப் பட கேசட் இருந்தது.

உள்ளே பார்த்தவர் அப்படியே நின்றார். ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை. இருட்டு டிவியைப் பார்த்து அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன நடக்கு இங்க? எந்திரிங்க, எந்திரிங்க. படம் போடணும்."

பரிபூரணம் கைகளைக் கீழே இறக்கவில்லை.

"படம் ஓடிக்கிட்டு இருக்கு அண்ணாச்சி" என்றாள். "இன்னும் முடியல. ஒக்காந்து பாக்கணும்னா பாருங்க. இல்லன்னா கதவச் சாத்திட்டுப் போங்க, வெளிச்சம் அடிக்கி."

லுங்கிக்காரர்களில் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சுவரோரம் குந்தினார். தனுஷ்கோடி கேசட்டோடு வாசலிலேயே நின்றார். வெங்கடம்மா எழுந்துபோய் அவரைத் தாண்டிக் கையை நீட்டிக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"கொக்கு கெளம்பிருச்சு" என்றாள் பரிபூரணம். "இப்ப அவ அது முதுகுல இருக்கா. மலை கீழ போகுது."